கணவாயில் பனி

“மூணு நாளைக்குக் கணவாய் ஏறாதீங்க, சாச்சா. பனி கொட்டும்,” என்றான் வானிலை ஆபீஸில் இருந்த இஷ்ஃபாக்.

“வசந்தம் முழுக்க வெயில்தான்னு ரேடியோவுல சொன்னானே?” போனில் எகிறினார் ஆட்டுக்காரர் மக்கன் தீன்.

“அது பள்ளத்தாக்குக்குச் சொன்னது. மலை வேற கணக்கு.”

“ஜம்முவுலேருந்து இருபது நாளா நடந்து வந்திருக்கோம்டா. முந்நூறு ஆடும் பட்டினி. முதல்ல ஏறுற மந்தைக்குத்தான் அந்தப் பக்கத்துப் புல்லு. பின்னாடி போனா மண்ணைத்தான் நக்கணும்.”

“உங்க மருமக கைக்குழந்தையோட வர்றா. புல்லு பெருசா, பிள்ளை பெருசா?”

 

“சரிப்பா. மூணு நாள் கூடாரத்துலயே கிடக்கறோம். அந்த ஆபீஸ்ல நம்ம பிள்ளை ஒருத்தன் இருக்கறது அல்லாவோட கிருபை.”

இஷ்ஃபாக் போனை வைத்தான். எதிரே திரையில், மலைமேல் ஒரு வாரத்துக்கு மேகமே இல்லை.

அடுத்து அண்ணன் வலீதைக் கூப்பிட்டான்.

“பாய்ஜான், மந்தையை இப்பவே ஓட்டு. உனக்கு முன்னால யாரும் ஏற மாட்டாங்க.”

“பனி கினி வராதே?”

“உன்கிட்டப் போய்ப் பொய் சொல்வேனா?”