எழுபது சதவீதம்

"என் சாவுத் தேதி உங்க கண்ணாடியில எழுதியிருக்காமே, எங்கே, காட்டுங்க பார்ப்போம்."

பரிசோதனைக்கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. பின்னாலேயே அவள் அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார் தலைமை டாக்டர். முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாவுக்கு 'மிளகாய்' என்று பெயர். சும்மா ஒன்றும் வைக்கவில்லை.

"நோயாளிங்க இங்க வரக்கூடாது. யார் உள்ளே விட்டது?"

"யாரும் விடல. நானா வந்தேன்."

"மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றான் அண்ணன். "மார்புல கட்டி. ஆபரேஷன் ஆயிடுச்சு. நாளைக்கு முதல் மருந்து ஏத்தணும். உங்க ரிப்போர்ட்டுல ஏதோ புரதம் எழுபது சதவீதம்னு போட்டிருந்தது. அதை நெட்ல தேடிப் பார்த்துட்டு, மருந்தே வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா."

"ஆமா, வேண்டாம். எப்படியும் போகத்தான் போறேன். வாந்தி எடுத்துக்கிட்டு படுக்கையில கிடக்கறதுக்கு, ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே போய்ச் சேர்றேன்."

"பஸ்ல உட்கார்ந்திருக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றார் டாக்டர். "உட்காருங்க."

இரண்டு வாய்க்காரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணனைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. தங்கை முறைத்தபடி உட்கார்ந்தாள்.

டாக்டர் அவளுடைய கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டைத் தேடியெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "நீலமா தெரியறது சும்மா கிடக்கற செல். பழுப்பா இருக்கறதுல அந்தப் புரதம் இருக்கு. அதெல்லாம் வேகமா பெருகுது. மோசம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேகமா பெருகற செல்லைத்தான் இந்த மருந்து தேடிப் பிடிச்சு அடிக்கும். அது உங்க நெட்ல இல்லையா?"

அவள் குனிந்து பார்த்தாள். பயமாக இருந்தது. பயப்படுகிறோமே என்று கோபமும் வந்தது. "ஒரே பழுப்பா இருக்கே. நீலமே கண்ணுல படலையே."

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அட, அது உங்களுது இல்ல. சாயம் சரியா பிடிச்சிருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்க, எல்லார் கண்ணாடியிலயும் ஓரமா ஒரு பழைய கட்டியோட சீவலை ஒட்டுவோம். தொண்ணூத்தஞ்சு சதவீதம். இதைவிட மோசமானது எங்ககிட்ட கிடையாது. உங்களுது அதுக்குக் கீழே இருக்கு."

அவள் தன்னுடையதைத் தேடவில்லை. "பாவம். எப்போ எடுத்தது?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"அந்தம்மா மருந்து ஏத்திக்கிட்டாங்களா?"

"ஏத்திக்கிட்டாங்க. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. சோறு தண்ணி இறங்கல. பக்கத்துல வந்தவங்களை எல்லாம் திட்டித் தீர்த்தாங்க."

"இவ்வளவு பட்டு என்ன பிரயோஜனம்? எத்தனை மாசம் தாங்கினாங்க?"

டாக்டர் கண்ணாடியை உருவியெடுத்து அதன் இடத்தில் செருகினார்.

"மாசக் கணக்கெல்லாம் வச்சுக்கல. இதோ, உங்களைத் திட்டற வரைக்கும் தாங்கியிருக்கேன்."