அவர் போட்ட காபி

"நெஞ்சு படபடப்புக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சும்மா. தைராய்டு ஹார்மோன் உங்க உடம்புல ரொம்ப அதிகமா இருக்கு. அறுபத்தேழு வயசுல இதயம் அதைத் தாங்காது," என்றார் பெரம்பலூர் டாக்டர் ஹேமலதா. "தைராய்டு மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களா?"

ஜானகி சிரித்தாள். "மாத்திரைன்னாலே எனக்குத் தொண்டைக்குள்ள எறங்காதுங்க. ஒரே சோர்வா கெடக்கியே, டாக்டரைப் பாப்பம் வான்னு இவரு போன வருசமே கெஞ்சினாரு. நான்தான் வரல."

டாக்டர் அவள் கணவர் பிச்சைமுத்துவின் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "ஐயா, உங்களுக்கு அதே ஹார்மோன் கம்மின்னு மாத்திரை குடுத்தேன். நல்லாத்தான் ஏறி வந்துச்சு. இப்ப மறுபடியும் எறங்கியிருக்கே, ஒழுங்கா போடுறீங்களா?"

பிச்சைமுத்து வேட்டி நுனியை நீவிக்கொண்டே இருந்தார்.

"அவரெல்லாம் ஒழுங்குதாங்க," என்றாள் ஜானகி. "இப்பக் கொஞ்ச மாசமா விடியுறதுக்குள்ள எந்திரிச்சு எனக்குக் காபி போட்டுக் குடுத்துட்டுத்தான் மறுவேலை பாக்குறாரு."

டாக்டர் நிமிர்ந்தார். "ஐயா, காபியில என்ன கலந்தீங்க?"

"என் மாத்திரையத்தான்..." என்றார் பிச்சைமுத்து. "எனக்கு அது போட்டதும் சோர்வு போயிடுச்சுங்க. இவளுக்கும் அதே சோர்வுதான்னு நெனச்சுட்டேன். சொன்னா போடமாட்டாளேன்னு..."

ஜானகி திட்டவில்லை.

"இந்த வயசுலயாச்சும் எனக்கு ஒரு வாய் காபி போட்டுத் தரணும்னு மனுசனுக்குத் தோணுச்சேன்னு, சிறுவாச்சூர் கோயில்ல பாத்தவங்ககிட்டல்லாம் சொல்லிப் பூரிச்சுப்போனேனே," என்றாள்.