அரை பாட்டில் தண்ணீர்

“ஒரு மடக்கு தண்ணிகூடக் குடுக்காதீங்கன்னு நம்மகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு, இந்த நர்ஸே குடுத்திருக்கா பாரு.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அக்கா கொதித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாரடைப்போடு கிடப்பவர் அவளுடைய ஒரே தம்பி. பக்கத்தில் நின்ற தம்பியின் மனைவி தோளில் தொங்கிய பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவின் வாய் லேசுப்பட்டதல்ல. காலையில் டாக்டர் ‘கார்டியோஜெனிக் ஷாக்’ என்றதுமே, வீட்டில் யார் என்ன சொல்லி தம்பியை நோகடித்தார்களோ என்று அவர் மனைவியை முறைத்தவள்.

அப்போது நர்ஸ்தான் குறுக்கே வந்து விளக்கினாள். இது மனசுக்கு வந்த அதிர்ச்சி இல்லையாம். இதயம் துவண்டு, ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்லாமல் கிடக்கிறதாம். அதனால்தான் பிரஷர் இறங்கி, கைகால் சில்லிட்டுப் போயிருக்கிறது. தாகம் என்று கெஞ்சினாலும், நாங்கள் அளந்து தருவதற்கு மேல் தண்ணீர் தரக் கூடாது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்றாள்.

மதியம் அவருக்கு மூச்சு இரைத்தது. ஓடி வந்த டாக்டர், யார் தண்ணீர் கொடுத்தது என்று கேட்டார்.

“நான்தான் டாக்டர். அரை பாட்டில்,” என்றாள் நர்ஸ்.

எல்லார் முன்னாலும் அவளுக்குச் செம டோஸ். ஆனால் விஷயம் தெரிந்துவிட்டதால் டாக்டர் தடுமாறவில்லை. நீர் பிரிய ஊசி போட்டு, பிரஷரை ஏற்றும் மருந்தைக் கூட்டினார். சாயங்காலம் கைகாலில் சூடு திரும்பியது. பெரிய கண்டம் தப்பியது.

அக்காவின் கோபம் மட்டும் ஆறவில்லை. உட்கார்ந்து ஒரு புகார் எழுதி, முதல் கையெழுத்து உன்னுடையதுதான் என்று தம்பி மனைவியிடம் நீட்டினாள்.

“இவளை வேலையை விட்டுத் தூக்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

மனைவி அதை வாங்கி மடித்துக்கொண்டு உள்ளே போனாள். நர்ஸின் மேஜைமேல் நாலாகக் கிழித்துப் போட்டாள்.

“உள்ள பாக்க வந்தப்ப அவர் கெஞ்சினாரு, மனசு கேக்கல. தண்ணி குடுத்தது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். உங்க பையில பாட்டில் பாதியா இருந்ததைப் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

நர்ஸ் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“டாக்டருக்கு எவ்வளவு தண்ணின்னு தெரிஞ்சா போதும்மா, யாருன்னு தெரிய வேண்டியதில்ல. எனக்கு இந்தத் திட்டு டியூட்டி முடியறவரைக்கும்தான். உங்க நாத்தனார் உங்களை ஆயுசுக்கும் விட்டிருக்க மாட்டாங்க.”