ஷிப்டு மாறும் நேரம்

"செத்துப்போனவருக்கு நீங்க என்ன முறை வேணும்?" மாயா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

மண்ணாங்கட்டி காக்கித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முழித்தார். "முறைன்னு இன்னா மேடம் சொல்றது? அவுரு நைட் ஷிப்டு, நான் டே ஷிப்டு."

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஊழியர்களின் ஓய்வுக்கால நிதியை, ராயபுரத்தில் மாயா வேலை பார்க்கும் நிதி நிறுவனம்தான் கவனிக்கிறது. யார்டின் இரவுக் காவலாளி தேவப்பிரியம் போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருடைய மொத்தச் சேமிப்புக்கும் நாமினி மண்ணாங்கட்டி என்று பாரத்தில் எழுதியிருந்தது. உறவு என்ற கட்டம் மட்டும் காலி. மாயாவுக்கு அதுதான் உறுத்தியது.

"அவர் வீடு எங்கே?"

"காசிமேட்டாண்டன்னு சொல்வாரு. நான் போனதில்ல."

"பதினோரு வருஷப் பழக்கம், வீடு தெரியாதா?"

"எங்க மேடம் பழகறது? காலைல ஆறு மணிக்கு அஞ்சு நிமிசம், சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சு நிமிசம். ரிஜிஸ்டர்ல கையெழுத்து, சாவிக்கொத்து, 'சாப்ட்டியா நைனா'ன்னு ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ்னா கேக் கொண்டாருவாரு, பொங்கல்னா நான் கரும்பு கொண்டு போவேன். சேந்து குந்திகினு துண்ண முடியாது, கேட்டாண்ட ஒரே ஒரு சேருதான் கீது."

பக்கத்து மேசையிலிருந்த வில்சன் சிரித்தான். மாயா சிரிக்கவில்லை. அப்பாவி வேஷம் போட்டு வந்தவர்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.

"அடக்கத்துக்காவது போனீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"என்னை மாத்திவுட ரிலீவர் வரல. அவுருதான என் ரிலீவரு! அன்னிக்கு நைட்டும் நானே நின்னுகினு இருந்தேன்."

"இப்ப யார் வராங்க?"

"ஏஜென்சில தெனம் ஒரு ஆளு அனுப்பறாங்க. பேரு கேக்கறதுக்குள்ள ஆளு மாறிடறாங்க."

மாயாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"வெளிப்படையாவே கேக்கறேன். உங்க பேரைப் போடச் சொல்லி அவரை எழுத வச்சீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அய்யோ, அப்படிலாம் இல்ல மேடம். ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் பாரம் குட்த்தாங்க. ஷிப்டு மாறசொல்ல, ஒரே பேனாவுல மாத்தி மாத்தி எழுதிக் குட்த்துட்டோம். அவுரு இன்னா எழுதினாருன்னு நான் பாக்கல. உங்க லெட்டர் வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். பணம் குடுக்காட்டி போவுது, என்னைத் திருடன்னு மட்டும் நெனைச்சிடாதீங்க."

மாயா யார்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். கையெழுத்து தேவப்பிரியத்துடையதுதான். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் கிடையாது. ஒரு மாதமாக அவரைத் தேடி யாரும் வரவில்லை என்றார்கள்.

போனை வைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க. நல்லா விசாரிச்சுத்தான் பணம் கொடுக்கணும், அதான். உறவுங்கற எடத்துல நண்பர்னு போட்டுடறேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. பத்து நாள்ல உங்க கணக்குக்குப் பணம் வந்துடும்."

மண்ணாங்கட்டி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுந்தார். ஆனால் போகவில்லை, தொப்பியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

"பணத்துல ஏதாவது சந்தேகமா?" என்றாள் மாயா.

"பணம் கெடக்கட்டும் மேடம். என் பாரத்துல நானும் அவுரு பேரத்தான் எழுதிகீறேன். இப்ப யாரு பேர எழுதறது?"