மாதியின் நகல்

"அது உன்னை மாதிரியேதான் பேசுது. ஆனா உன்னைவிட நல்லா பேசுது" என்றாள் நஞ்சி, சாயத்துக்கு வேங்கைப் பிசினை அரைத்துக்கொண்டே.

ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த மாதிக்கு எரிச்சல் வந்தது. குறும்பர் ஊர்களிலெல்லாம் ஒரே வாரத்தில் காட்டுரிமை விசாரணை. எல்லா இடத்துக்கும் போக முடியாமல்தான், தன் முகமும் குரலும் கொண்ட கணினி நகலை ஊர்க்காரர்களுக்காகத் திரையில் பேச அனுப்பியிருந்தாள். பக்கத்து ஊரில் அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து நஞ்சிக்கு இதே பேச்சு.

"அப்படி என்ன சொல்லிருச்சு?"

"வீட்டுல யார் யாருன்னு அதிகாரி கேட்டார். நானும் என் துணை நஞ்சியும்னு சொல்லிச்சு. அத்தனை சனத்துக்கு முன்னால."

மாதியின் தூரிகை நின்றது. இத்தனை வருடமாக ஊரில் அவள் சொல்லிவந்தது, "கூடமாட வேலை செய்யிற சிநேகிதி" என்றுதான்.

"நீ என்ன பண்ணின?"

"அழுதேன். நாளைக்கு அடுத்த ஊர்ல பேசுதாம். பூ வச்சுக்கிட்டுப் போகப்போறேன்."

"திரையில தெரியிற பொம்மைக்கா பூ?"

"உனக்காக வச்சப்ப நீ எங்க பார்த்த?"

"அந்தச் சனியனை நிறுத்தச் சொல்லிடுறேன்."

"நிறுத்து. அந்த ஊர்க்காரங்க காடு போனாப் போகட்டும், உன் வயித்தெரிச்சல் அடங்கினாச் சரி."

மாதி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு அந்தப் பேச்சை யார் சொல்லிக் குடுத்தான்னு நினைக்கிற? நான்தான். அதைப் பழக்கினப்ப, கதவைச் சாத்திக்கிட்டு உன்னைப் பத்தி எல்லாத்தையும் சொன்னேன்."

நஞ்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"கதவுக்கு இந்தப் பக்கம் நான்தானே உக்காந்திருந்தேன், மாதி. அதுக்கிட்டச் சொன்னதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."