வேண்டாம் வாங்கும் வியாபாரம்

"இவங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

சைக்கிள் கடைக்காரர் எதிர்ச் சாரியில் நின்று பல்லைக் கடித்தார்.

அவருடைய மகள் தையல் கடைப் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். தோளில் சாக்கு நிறையச் சரக்கு, ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்கு முன்னால் மருந்துக் கடை, அதற்கும் முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடை. எல்லாரும் வேண்டாமென்று தலையை ஆட்டி அனுப்பிவிட்டார்கள்.

பள்ளி விட்டதும் நடக்கிற தொழில் வகுப்பில் அவள் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பஞ்சராகித் தூக்கிப் போட்ட சைக்கிள் டியூபைக் கழுவி, வெட்டி, ஜிப் வைத்துப் பென்சில் பையாகத் தைத்திருக்கிறாள். மழையில் போட்டாலும் உள்ளே நனையாது. போன வாரம் வகுப்பு டீச்சர் பெற்றோர் எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டிப் புகழ்ந்ததிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காற்றடிக்க வருகிறவர்களைக்கூட விடாமல், "என் பொண்ணு தொழில் ஆரம்பிச்சிட்டா, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு முதல் விற்பனை. கடையை அரைநாளில் பூட்டிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருந்தார்.

இப்போது ஸ்டேஷனரி கடை. தெரிந்த மனுஷன், நிச்சயம் வாங்குவான்.

ஸ்டேஷனரிக்காரர் பையைப் புரட்டிப் பார்த்தார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார். பிறகு, "வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மகள் ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், வெளியே வந்தவள் தெருமுனையைப் பார்த்து ஓட்டமாக ஓடினாள்.

அழத்தான் ஓடுகிறாள் என்று நினைத்த அப்பா விறுவிறுவென்று தெருவைக் கடந்தார். நேரே கடைக்குள் புகுந்தார்.

"ஏன்யா, ஒரு சின்னப் பொண்ணு கையால தச்சதை ஆணியில மாட்டி வச்சா உன் கடை இடிஞ்சா விழுந்துடும்? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதா?"

"அண்ணே, முதல்ல உட்காருங்க. அவங்க டீச்சர் காலையிலேயே எல்லாக் கடைக்கும் வந்து சொல்லிட்டுப் போனாங்க. எந்தப் பிள்ளை வந்தாலும் இன்னைக்கு வேண்டாம்னுதான் சொல்லணுமாம்."

"என்னய்யா அநியாயம் இது?"

"அதுதான் இன்னைக்குப் பாடமாம். முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொன்னாலும் ஒடிஞ்சு போகாம, ஏன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். உங்க பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? 'என்ன மாத்தினா வாங்குவீங்க மாமா'ன்னா. கலர் ஜிப் வைம்மான்னேன். அந்த சந்தோஷத்துலதான் ஓடுறா. நாளைக்கு நானே கூப்பிட்டு வாங்கப் போறேன்."

அப்பாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவரும் தெருமுனைக்கு ஓடினார்.

அங்கே டீச்சரைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். பல பேருக்குக் கண் சிவந்திருந்தது. மகள் மட்டும் அவரைப் பார்த்ததும் பாய்ந்து வந்தாள்.

"அப்பா, நான்தான் ஃபர்ஸ்ட். மத்தவங்க ரெண்டாவது கடையிலயே அழுதுட்டாங்க. தெரு முழுக்கப் போனது நான் மட்டும்தான். டீச்சர் இப்பதான் விஷயத்தையே சொன்னாங்க."

"என் சிங்கக்குட்டி." அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டார். "உனக்கு மட்டும் எப்படிம்மா அழுகையே வரல?"

மகள் அதே சந்தோஷத்தோடு சொன்னாள்.

"நம்ம கடை ஆணியில ஒண்ணு மாட்டட்டுமான்னு முதல்ல உங்ககிட்டதானேப்பா கேட்டேன்? 'இந்தக் குப்பையை எவன் வாங்குவான், போய்ப் படி'ன்னீங்க. அன்னைக்கே அழுது முடிச்சிட்டேன்."