புகை ஆகாது

"சூடேறினா இதுலேருந்து புகை வருமா?"

பழம் உலர்த்தும் மெஷினுக்குள் போடும் ஒட்டாத விரிப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"லேசான சூடுதானேம்மா. ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

"நான்ஸ்டிக் பூச்சை நம்ப முடியாது. எங்க வீட்ல துளி புகை பட்டாலும் மூச்சு முட்டிடும். பூச்சே இல்லாத சிலிகோன் விரிப்பு குடுங்க."

பின்னால் நின்ற கணவர் ஓரடி முன்னால் வந்தார். அவருக்கு இருபது வருடமாக ஆஸ்துமா. பத்து நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன வாரம் வீட்டிலிருந்த நான்ஸ்டிக் சட்டிகளையெல்லாம் அவள் தூக்கிப் போட்டபோது, தன் மேலுள்ள கோபத்தைச் சட்டியில் காட்டுகிறாள் என்றே நினைத்திருந்தார்.

"விலையைப் பார்க்காதீங்க, நல்லதா குடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் ஆப்பிள் துண்டுகள் காய்ந்து, விரிப்பில் ஒட்டாமல் அழகாக எழும்பி வந்தன. கணவர் உரிமையோடு ஒன்றை எடுத்தார்.

"வைங்க அதை."

"எனக்காகத்தானே இவ்வளவும்?"

"உங்களுக்கா?"

மனைவி கூண்டைத் திறந்தாள். வெளியூர் வேலைக்குப் போன மகள் சென்ற மாதம் விட்டுப்போன கிளி, மனைவியின் தோளில் வந்து உட்கார்ந்தது.

"நான்ஸ்டிக் கருகின புகை பட்டா இவன் பொழைக்க மாட்டானாம். பறவை டாக்டர் சொன்னார்."

"எனக்கும்தான் ஆஸ்துமா இருக்கு."

"உங்களுக்கு இன்ஹேலர் இருக்கு" என்றபடி கிளிக்கு ஒரு துண்டை நீட்டினாள். "இவனுக்கு என்ன இருக்கு?"